இறங்கியாச்சு, வெளியே போக முடியவில்லை: வருகைப் பகுதியில் எங்கே சிக்கினால் என்ன செய்வது

விமானம் தரையைத் தொட்டதும் பயணம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம். இன்னும் மூன்று வாசல் பாக்கி இருக்கிறது: குடிவரவு, பெட்டி, சுங்கம். மூன்றுக்கும் மூன்று எசமானர்கள். குடிவரவு அதிகாரிக்கு உங்கள் பெட்டி எங்கே என்று தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. பெட்டி ஏர்லைனின் பொறுப்பு. சுங்கம் வேறு துறை. தப்பான ஆளிடம் அரை மணி நேரம் விளக்கிவிட்டு "இது எங்கள் வேலை இல்லை" என்ற பதிலைக் கேட்க நேர்வது இதனால்தான்.

இன்னொரு விஷயம், இந்த வாசல்கள் எல்லாமே ஒருவழி. தாண்டியவரைத் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். அதனால் கீழே உள்ள எந்தச் சிக்கலாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான்: நிற்கிற இடத்தைவிட்டு முன்னே நகராதீர்கள். சிக்கல் எந்த வாசலுக்கு உரியதோ, அந்த வாசலுக்கு இந்தப் பக்கமே அதைப் பேசி முடியுங்கள்.

பாஸ்போர்ட்டைக் காணோம்

விமானத்திலிருந்து வெளியே வரும் பாலத்திலேயே ஓரமாக நின்று சட்டைப் பை, கைப்பை எல்லாவற்றையும் ஒரு முறை தடவிப் பாருங்கள். இல்லையென்றால் விமான வாசலில் நிற்கும் ஊழியரிடம் இருக்கை எண்ணைச் சொல்லித் தேடச் சொல்லுங்கள். முன் இருக்கையின் பின்பை, இருக்கைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கு, போர்வை மடிப்பு என்று இந்த வரிசையில் பார்க்கச் சொல்வது நல்லது. வருகை அட்டை நிரப்பப் பாஸ்போர்ட்டை எடுத்து, பேனாவைத் தேடி, எண்ணைப் பார்த்து எழுதி, அப்படியே பின்பையில் செருகிவிட்டுத் தூங்கிப்போன ஆள் நீங்கள் மட்டும் இல்லை.

குடிவரவுக் கூடம் வரை வந்த பிறகு நினைவு வந்தால் திரும்பி ஓடாதீர்கள், எதிர்த்திசையில் விடமாட்டார்கள். அங்கேயே ஏர்லைன் ஊழியர் ஒருவரைப் பிடித்து விமான எண்ணையும் இருக்கை எண்ணையும் சொன்னால் அவர் வாக்கிடாக்கியில் கேட்டுச் சொல்வார். துப்புரவுக் குழு உள்ளே போவதற்கு முன் சொல்லிவிட்டால் கிடைக்க நிறைய வாய்ப்பு உண்டு.

இதற்கு இன்னொரு வடிவமும் இருக்கிறது. பாஸ்போர்ட் கையில் இருக்கிறது, ஆனால் கவுன்டரில் அது "தொலைந்தது" என்று வருகிறது. எப்போதோ தொலைந்துவிட்டதாகப் புகார் கொடுத்து, பிறகு அலமாரிக்குப் பின்னால் கிடைத்த பாஸ்போர்ட்டாக இருக்கும். தொலைந்த, திருடுபோன பயண ஆவணங்களின் தரவுத்தளம் ஒன்றை இன்டர்போல் 2002 முதல் வைத்திருக்கிறது. அதில் ஏறிய எண் செத்த எண். உண்மையைச் சொல்லி, உங்கள் நாட்டுத் தூதரகத்தோடு பேச அனுமதி கேட்பதைத் தவிர அந்த இடத்தில் வேறு வழியில்லை. கிடைத்த பழையதை அன்றைக்கே அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டுப் புதியதை வைத்துக்கொண்டிருந்தால் இந்த வம்பே வந்திருக்காது.

எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை

பலகையில் "வருகை" ஒரு பக்கம், "இணைப்பு விமானம்" இன்னொரு பக்கம். கூட்டம் போகிற பக்கம் போனால் தப்பாகப் போகலாம். முந்நூறு பேரும் ஒரே இடத்துக்குப் போகிறவர்கள் இல்லை.

இங்கே பார்க்க வேண்டியது டிக்கெட்டை. எல்லா விமானமும் ஒரே முன்பதிவில் இருந்து, பெட்டியில் ஒட்டிய டேகில் கடைசி ஊரின் மூன்றெழுத்துக் குறியீடு இருந்தால், பெரும்பாலான இடங்களில் நேராக இணைப்புப் பக்கம் போகலாம். தனித்தனியாக வாங்கிய இரண்டு டிக்கெட் என்றால் கதை வேறு. முதல் ஏர்லைனைப் பொறுத்தவரை உங்கள் பயணம் இங்கேயே முடிந்தது. குடிவரவைத் தாண்டி, பெட்டியை எடுத்து, சுங்கம் கடந்து, புறப்பாட்டு மாடிக்கு ஏறி மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய விசா வேண்டும். மலிவாகக் கிடைத்த இரண்டு டிக்கெட்டுகள் இந்த இடத்தில் விலை ஏறிவிடுகின்றன.

விசா இல்லாமல் இப்படி மாட்டியிருந்தால், குடிவரவு வரிசைக்குப் போகாமல் இணைப்புக் கவுன்டருக்குப் போய் இரண்டாவது ஏர்லைனின் ஆளைக் கேளுங்கள். சில விமான நிலையங்களில் அவர்களே பெட்டியை உள்ளுக்குள் மாற்றி, புது போர்டிங் பாஸ் கொடுத்துவிடுவார்கள். எல்லா இடத்திலும் நடக்காது, ஆனால் கேட்டுப் பார்க்கலாம்.

ஒரே டிக்கெட் வைத்திருப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவுக்குள் போகிறவர்கள் முதலில் இறங்கும் விமான நிலையத்திலேயே பொதுவாகப் பெட்டியை எடுத்து, சுங்கத்தைத் தாண்டி, மறுபடி பெல்ட்டில் போட வேண்டும். டேகில் கடைசி ஊர் பெயர் இருக்கிறதே என்று பெட்டியை விட்டுவிட்டுப் போனால் அது அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

தானியங்கி கேட் திறக்கவில்லை

சிவப்பு விளக்கு எரிந்ததும் பின்னால் நிற்கிறவர் பெருமூச்சு விடுவார். பொருட்படுத்த வேண்டாம். முதலில் பாஸ்போர்ட்டுக்குப் போட்டிருக்கும் தோல் உறையைக் கழற்றுங்கள். பாதிச் சிக்கல் இதோடு தீரும்.

காரணம் இதுதான். புகைப்படப் பக்கத்தின் அடியில் இரண்டு வரி இருக்கிறதல்லவா, வரிக்கு 44 எழுத்துகள், நடுநடுவே அம்புமுனை போன்ற குறிகள்? இயந்திரம் முதலில் அதைத்தான் படிக்கிறது. அதில் உள்ள பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி மூன்றையும் சேர்த்துச் செய்த சாவியால்தான் உள்ளே உள்ள சிப் திறக்கும். அந்த வரிகள் மேல் பிளாஸ்டிக் உறை மடிந்து கிடந்தாலோ, விரல் மறைத்தாலோ, எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருந்தாலோ சாவி கிடைக்காது, சிப்பும் பேசாது. துணியால் துடைத்து, பக்கத்தைத் தட்டையாக அழுத்தி வைத்து, திரை "எடுக்கலாம்" என்று சொல்லும்வரை கையை எடுக்காதீர்கள். ஒரு விநாடி வைத்துவிட்டு இழுத்துக்கொள்வதுதான் இங்கே எல்லோரும் செய்யும் தப்பு.

பாஸ்போர்ட் படிக்கப்பட்டு, முகத்தில் நின்றுவிட்டதா? தரையில் வரைந்த பாதத் தடத்தில் நில்லுங்கள். தொப்பி, கண்ணாடி, முகக்கவசம் எடுத்துவிடுங்கள். கேமராவைப் பாருங்கள், திரையைப் பார்க்காதீர்கள், இரண்டும் ஒன்றல்ல. சிரிக்க வேண்டாம். பாஸ்போர்ட் படத்தில் நீங்கள் சிரிக்கவில்லை.

கைரேகையில் நின்றால் அநேகமாக விரல் வறண்டிருக்கும். பத்து மணி நேரம் விமானக் காற்றில் இருந்த விரல் அப்படித்தான் இருக்கும். உள்ளங்கையில் விரல் நுனிகளைத் தேய்த்துவிட்டு மறுபடி வையுங்கள். நுனியை மட்டும் குத்தி வைக்காமல் முதல் கணு வரை படியுமாறு வையுங்கள். ரொம்ப அழுத்தினாலும் ரேகை கலங்கிப் பதியும். சமையல், கட்டட வேலை, தறி என்று கையால் உழைத்துத் தேய்ந்த விரல்களில் ரேகை சில சமயம் பதியவே பதியாது. அது குற்றம் இல்லை. அதிகாரி இருக்கும் கவுன்டருக்குப் போய் விரலைக் காட்டுங்கள்.

இரண்டு முறைக்கு மேல் இயந்திரத்தோடு சண்டை வேண்டாம். கேட் மறுப்பது என்றால் நுழைவு மறுப்பு என்று அர்த்தம் இல்லை, மனிதர் ஒருவர் பார்க்க வேண்டும் என்றுதான் அர்த்தம். குழந்தையோடு வந்தவர்களுக்கு வயது வரம்பு இருக்கும், நேராகக் கவுன்டருக்கே போய்விடலாம்.

ஷெங்கன் நாடுகளில், அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனையை எடுத்துவிட்ட ஐரோப்பிய நாடுகளில், இப்போது இந்தப் பதிவுக்கு நேரம் கூடியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய நுழைவு-வெளியேற்றப் பதிவு முறை 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. முதல் முறை போகும்போது முகப்படமும் நான்கு விரல் ரேகையும் எடுப்பார்கள். 12 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு ரேகை இல்லை. ஷெங்கன் ஊர் வழியாக இணைப்பு விமானம் பிடிப்பவர்கள் ஒன்றரை மணி நேர இடைவெளியை நம்ப வேண்டாம்.

"உங்கள் விசா சிஸ்டத்தில் இல்லையே"

கையில் அச்சடித்த இ-விசா இருக்கிறது. அதிகாரி எண்ணை அடிக்கிறார், தலையை ஆட்டுகிறார். எனக்கே ஒரு முறை நடந்தது. செக்-இன் கவுன்டரில் தாளைப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள், இறங்கிய இடத்தில்தான் பிடிபட்டது. அந்த அதிகாரி தாளையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேனா முனையால் ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே வந்தார். நான்காவது இடத்தில் நிறுத்தினார். மற்ற சுழியங்களைவிட அது கொஞ்சம் குண்டாக இருந்தது. சுழியத்துக்குப் பதில் ஆங்கில 'ஓ' எழுத்தை அடித்திருக்கிறேன். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு ஆள்.

ஆகவே முதலில் இதைச் சரிபாருங்கள்: சுழியமும் ஓவும், ஒன்றும் ஐயும். உங்கள் நாட்டுப் பாஸ்போர்ட் எண்ணில் எத்தனை எழுத்து, எத்தனை இலக்கம் என்று தெரிந்தாலே எது எது என்று சொல்லிவிடலாம். அடுத்து, அடியில் உள்ள அந்த இரண்டாவது வரியைப் பார்த்து எண்ணை எழுதினீர்களா? அங்கே எண்ணுக்கு ஒன்பது இடம், பத்தாவது இடத்தில் இருப்பது இயந்திரம் பிழை பார்க்கும் சரிபார்ப்பு இலக்கம். அது உங்கள் எண் இல்லை. அதையும் சேர்த்து எழுதி விண்ணப்பித்தவர்கள் உண்டு.

விசா எடுத்த பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தீர்களா? அமெரிக்காவின் எஸ்டா, கனடாவின் இ-டிஏ, பிரிட்டனின் இடிஏ போன்ற மின்னணு அனுமதிகள் அந்தப் பாஸ்போர்ட் எண்ணோடு கட்டப்பட்டவை. எண் மாறினால் புதிதாக எடுக்க வேண்டும். ஒட்டும் விசா பழைய பாஸ்போர்ட்டில் இன்னும் செல்லுபடியானால் பழையது, புதியது இரண்டையும் கையில் வைத்திருங்கள்.

பெயரிலும் சிக்கல் வரும். பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு விண்ணப்பப் படிவம் குடும்பப் பெயர், முதற்பெயர் என்று இரண்டு பெட்டியைக் காட்டி இரண்டையும் நிரப்பச் சொல்லும். ஏதாவது போட்டு நிரப்பினால் பாஸ்போர்ட்டோடு ஒத்துவராது. ஒற்றைப் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று அந்தந்த நாட்டுத் தளத்திலேயே தனிக் குறிப்பு இருக்கும். அமெரிக்க விசாவில் முதற்பெயர் இடத்தில் 'எஃப்என்யூ' என்று வந்திருந்தால் பயப்பட வேண்டாம். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம்தான் அது, தட்டச்சுப் பிழை இல்லை.

இதில் எதுவாக இருந்தாலும் அதிகாரியிடம் "நான் சரியாகத்தான் போட்டேன்" என்று வாதாடாதீர்கள். விண்ணப்ப எண்ணையும் ஒப்புதல் மின்னஞ்சலையும் காட்டி, "விண்ணப்ப எண்ணை வைத்துத் தேட முடியுமா?" என்று கேளுங்கள். எனக்கு அப்படித்தான் கிடைத்தது, இருபது நிமிடத்தில்.

வருகை அட்டை நிரப்பவில்லை, போனில் சார்ஜும் இல்லை

பல நாடுகள் காகித அட்டையை விட்டு இணையத்துக்குப் போய்விட்டன. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றும் வருகைக்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பச் சொல்கின்றன. தாய்லாந்தில் இது 2025 மே 1 முதல். மூன்றுமே இலவசம். பணம் கேட்டால் அது அரசுத் தளம் இல்லை, நடுவில் புகுந்த யாரோ. தேடுபொறியில் முதலில் வருவதை அமுக்காமல் முகவரியைப் பார்த்து உள்ளே போங்கள்.

நிரப்பாமல் வந்துவிட்டால் வரிசையில் நிற்காதீர்கள். முன்னால் போய்ச் சேர்ந்ததும் திருப்பி அனுப்புவார்கள், நின்ற நேரம் வீண். கூடத்தின் நுழைவில் சுவரோரம் கணினிகளோ கியூஆர் பலகையோ இருக்கும், விமான நிலைய வைஃபையும் இருக்கும். வைஃபை உங்கள் எண்ணுக்கு ஓடிபி அனுப்புவேன் என்று அடம்பிடித்து, எண்ணுக்கோ சிக்னல் இல்லை என்றால் தகவல் கவுன்டரில் கேளுங்கள். பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்து கடவுச்சொல் தரும் இயந்திரம் சில இடங்களில் உண்டு.

தங்கும் முகவரி, திரும்பும் டிக்கெட், விசா ஒப்புதல் மூன்றையும் ஒரு தாளில் அச்சடித்து வைப்பது பழைய பழக்கம்தான். தாளுக்குச் சார்ஜ் தேவையில்லை. கூடத்துக்குள் போன் எடுக்கவே கூடாது என்ற ஊரில் அதன் அருமை தெரியும்.

சுகாதார மேசையில் நிறுத்திவிட்டார்கள்

அநேகமாக மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ். அந்த நோய் உள்ள நாட்டிலிருந்து வந்தால் மட்டுமில்லை, அங்கே விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தாலும் பல நாடுகள் கேட்கும். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். நேற்றுப் போட்ட ஊசி இன்றைக்கு உதவாது. மஞ்சள் அட்டை என்று சொல்லும் அந்தச் சான்றிதழ் பழையது, பத்தாண்டு முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால், 2016 ஜூலை 11 முதல் அது ஆயுள் முழுக்கச் செல்லும் என்ற உலக சுகாதார அமைப்பின் விதியை நினைவுபடுத்தலாம், மரியாதையாக.

"கொஞ்சம் என்னோடு வாருங்கள்"

எல்லோருக்கும் வயிற்றைக் கலக்குவது இதுதான். ஆனால் உள்ளறைக்குக் கூப்பிடுவது கைது இல்லை. ஒரே பெயரில் வேறு யாராவது பட்டியலில் இருக்கலாம், ஆவணத்தில் சந்தேகம் இருக்கலாம், நீங்கள் சொன்ன பதில் அவருக்குப் போதாமல் இருக்கலாம். பெரும்பாலும் உட்கார வைத்துவிட்டு யாரோ ஒருவர் கணினியில் தேடிக்கொண்டிருப்பார். அந்தக் காத்திருப்புதான் கொடுமை.

கேள்விகள் நான்குதான், சுற்றிச் சுற்றி வரும்: எதற்கு வந்தீர்கள், எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள், செலவு யாருடையது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். "எத்தனை நாள்?" என்றால் "12 நாள்." அவ்வளவுதான். அத்தை வீட்டுக் கல்யாணம், பிடிக்காத சித்தப்பா, அடுத்த வருடம் இங்கேயே குடியேறலாம் என்ற யோசனை எல்லாம் அங்கே தேவையில்லை. குறிப்பாகக் கடைசியில் சொன்னது.

பொய் மட்டும் வேண்டாம். வேலைக் கூட்டத்துக்கு வந்தவர் சுற்றுலா என்று சொல்லிவிட்டு, பையைத் திறந்தால் நிறுவன அடையாள அட்டையும் விளக்கப்படங்களும் இருந்தால், கூட்டம் சாதாரணமான காரணமாகவே இருந்தாலும் பொய் தனிக் குற்றமாகிவிடும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம். அவர்கள் மொழி சரியாகப் புரியவில்லை என்றால் தலையாட்டாதீர்கள், மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். புரியாமல் "ஆமாம்" சொல்லி எழுத்துமூலப் பதிவில் கையெழுத்தும் போட்டுவிட்டால் பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு.

வெளியே இணைப்பு விமானம் காத்திருக்கிறது என்றால் அதையும் ஒரு முறை அமைதியாகச் சொல்லுங்கள். ஒரு முறை போதும்.

நுழைவு மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ஷெங்கன் நாடுகளில் காரணம் குறித்த படிவத்தைக் கையில் கொடுத்தாக வேண்டும், மேல்முறையீட்டு உரிமையும் உண்டு. அமெரிக்காவில் உடனடி வெளியேற்ற உத்தரவு வந்தால் ஐந்தாண்டுத் தடை ஒட்டிக்கொள்ளும். நுழைவு விண்ணப்பத்தை நீங்களே திரும்பப் பெற்றுக்கொள்ள அதிகாரி அனுமதித்தால் அந்தத் தடை வராது, ஆகவே அதைக் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. காவலில் வைத்தால், 1963 ஆம் ஆண்டின் தூதரக உறவுகள் பற்றிய வியன்னா உடன்படிக்கையின் 36 ஆவது பிரிவுப்படி, உங்கள் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி நீங்கள் கேட்கலாம். கேட்டால்தான் சொல்வார்கள் என்று வைத்துக்கொண்டு கேளுங்கள். கொண்டுவந்த ஏர்லைன்தான் திரும்பவும் ஏற்றிக்கொண்டு போக வேண்டும், ஆனால் அந்தச் செலவை உங்களிடமிருந்து பிறகு வசூலிக்கலாம்.

முத்திரையில் தேதி தப்பு, அல்லது முத்திரையே இல்லை

கவுன்டரைவிட்டு நகரும் முன் முத்திரையைப் பாருங்கள். இரண்டு விநாடி வேலை. நுழைந்த தேதி, தங்க அனுமதித்த நாள், எந்த வகை விசா. அப்போதே காட்டினால் அதே அதிகாரி அடித்துத் திருத்துவார். பத்து நாள் கழித்துக் கவனித்தால் நகரத்துக்குள் ஏதோ ஓர் அலுவலகத்தில் டோக்கன் வாங்கி உட்கார வேண்டும்.

விசாவின் செல்லுபடிக் காலம் வேறு, தங்க அனுமதித்த காலம் வேறு. ஓராண்டு விசா கையில் இருந்தும் 30 நாள்தான் தங்க முடியும் என்பது சாதாரணம். ஷெங்கனில் எந்த 180 நாளை எடுத்துப் பார்த்தாலும் 90 நாளுக்கு மேல் போகக் கூடாது, வந்த நாளும் கிளம்பிய நாளும் கணக்கில் சேரும். தானியங்கி கேட் வழியாகப் போய் முத்திரை விழவில்லை என்றால் போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள், எப்போது நுழைந்தீர்கள் என்பதற்கு அதுவே ஆதாரம். அமெரிக்காவில் ஐ-94 என்ற வருகைப் பதிவை அரசுத் தளத்தில் அன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அங்கே உள்ள தேதிதான் நீங்கள் எதுவரை தங்கலாம் என்பதைச் சொல்கிறது.

பெல்ட் நின்றுவிட்டது, பெட்டி வரவில்லை

உடனே புகார் கவுன்டருக்கு ஓடாதீர்கள். திரையில் உங்கள் விமான எண்ணுக்கு எதிரே உள்ள பெல்ட் எண்ணை மறுபடி பாருங்கள், நடுவில் மாற்றியிருப்பார்கள். குழந்தை வண்டி, கோல்ஃப் பை, பெரிய அட்டைப்பெட்டி எல்லாம் பெல்ட்டில் வராது, ஓரத்தில் அளவு மீறிய சாமான் கதவு ஒன்று இருக்கும். பெல்ட்டுக்குப் பக்கத்தில் தரையில் இறக்கி வைத்த பெட்டிகளையும் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். நீங்கள் குடிவரவில் ஒரு மணி நேரம் நின்றபோது ஊழியர்கள் எடுத்து வரிசையாக வைத்திருப்பார்கள்.

பெல்ட்டில் கடைசியாக ஒரே ஒரு பெட்டி மட்டும் சுற்றுகிறதா, உங்களுடையதைப் போலவே? டேகைப் பாருங்கள். உங்கள் பெட்டியை யாரோ எடுத்துப் போய்விட்டார், இது அவருடையது. அதை எடுத்துக்கொண்டு வெளியே போகாதீர்கள். புகார் கவுன்டரில் அந்த டேக் எண்ணைச் சொன்னால் அவரை வெளியே டாக்சி வரிசையிலேயே பிடித்துவிடுவதும் உண்டு.

டேக் எண் பத்து இலக்கம். போர்டிங் பாஸின் பின்னால் ஒட்டிக் கொடுத்த சின்னச் சீட்டில் இருக்கும். இரண்டாவது முதல் நான்காவது வரை உள்ள மூன்று இலக்கம் ஏர்லைனின் குறியீடு, கடைசி ஆறு உங்கள் பெட்டிக்கே உரியது. அந்தச் சீட்டைத் தொலைத்தால் பெட்டியின் அடையாளத்தைச் சொல்லித் தேட வேண்டும். "கறுப்பு, நடுத்தர அளவு, சக்கரம் உண்டு." பெல்ட்டைத் திரும்பிப் பாருங்கள், பாதிப் பெட்டி அப்படித்தான் இருக்கும்.

சரி, உண்மையிலேயே வரவில்லை. சுங்க வாசலைத் தாண்டும் முன், உங்களைக் கடைசியாகக் கொண்டுவந்த ஏர்லைனின் சாமான் கவுன்டருக்குப் போங்கள். இரண்டு மூன்று ஏர்லைன் மாறி வந்திருந்தாலும் கடைசி ஏர்லைனிடம்தான் புகார். அவர்கள் ஒரு அறிக்கை எழுதி, பத்து எழுத்துள்ள குறிப்பு எண் தருவார்கள்: முதல் மூன்று விமான நிலையம், அடுத்த இரண்டு ஏர்லைன், பிறகு ஐந்து இலக்கம். அந்த எண் இல்லாமல் வெளியே வராதீர்கள். "போன் பண்ணுகிறோம், போங்கள்" என்ற வாய்மொழிக்கு மதிப்பில்லை. பெட்டியை எங்கே அனுப்ப வேண்டும் என்று கேட்கும்போது, இரண்டு நாளில் ஊர் மாறுகிறீர்கள் என்றால் அடுத்த முகவரியையும் கொடுங்கள். பழைய ஓட்டலுக்கு வந்து சேர்ந்த பெட்டி மறுபடி தொலைந்த பெட்டிதான்.

உள்ளே ட்ராக்கர் போட்டிருந்தால் அது காட்டும் இடத்தைச் சொல்லலாம். "உங்கள் பெட்டி இன்னும் கிளம்பவே இல்லை" என்று அவர்களுக்கு முன்னால் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

பணம் பற்றி: பெரும்பாலான நாடுகள் ஏற்றுள்ள 1999 மான்ட்ரியல் உடன்படிக்கையில் கெடு எல்லாம் கறாராக இருக்கிறது. பெட்டி உடைந்து வந்தால் கைக்குக் கிடைத்த 7 நாளுக்குள் எழுத்தில் புகார். தாமதமாக வந்தால், கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள். வர வேண்டிய நாளிலிருந்து 21 நாள் ஆகியும் வராவிட்டால் தொலைந்ததாகக் கருதி இழப்பீடு கேட்கலாம். வழக்குக்கு இரண்டு ஆண்டு. இழப்பீட்டின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர். எஸ்டிஆர் என்பது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு, அன்றைய மதிப்பில் மாற்றித் தருவார்கள். அது உச்சவரம்புதான், எல்லோருக்கும் அப்படியே கொடுக்கும் தொகை இல்லை. பல் துலக்கும் பிரஷ்ஷிலிருந்து மாற்றுச் சட்டை வரை வாங்கிய பொருளுக்கெல்லாம் ரசீது வைத்திருங்கள்.

பெட்டி வழிதவறும் காரணங்களில் ஒன்று பழைய பயணத்தின் ஸ்டிக்கர். பட்டைக் குறியீடு உள்ள சின்னத் துண்டு கைப்பிடிக்குப் பக்கத்திலோ பக்கவாட்டிலோ ஒட்டிக்கொண்டே இருக்கும். பெட்டியின் மேல் இரண்டு பட்டைக் குறியீடு இருந்தால் ஸ்கேனர் குழம்பிவிடும். அடுத்த பயணத்துக்கு முன் நகத்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

பச்சை வழியில் போனேன், நிறுத்திவிட்டார்கள்

பச்சை வழியில் காலை வைத்தாலே "அறிவிக்க எதுவும் இல்லை" என்று வாக்குமூலம் கொடுத்ததாக அர்த்தம். அதற்குப் பிறகு "இதை அறிவிக்கத்தான் வந்தேன்" என்பது எடுபடாது. சந்தேகம் இருந்தால் சிவப்பு. சிவப்பு வழியில் போய்க் கேட்டு, "இதற்கு ஒன்றும் இல்லை, போங்கள்" என்ற பதில் கிடைத்தால் ஐந்து நிமிடம்தான் நட்டம்.

அதிகம் மாட்டுவது கடத்தல்காரர்கள் இல்லை, விமானத்தில் கொடுத்த ஆப்பிளைக் கைப்பையில் வைத்திருப்பவர்கள். நியூசிலாந்தில் அறிவிக்காத பழம் ஒன்றுக்கு அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம் போடுகிறார்கள். அங்கே சோதனைக்கு முன் குப்பைத் தொட்டிகள் வரிசையாக இருக்கும். அதில் போட்டுவிட்டால் கேள்வியே இல்லை.

ரொக்கத்தில் ஒரு பெரிய குழப்பம். அமெரிக்காவில் 10,000 டாலருக்கு மேல், ஐரோப்பிய ஒன்றியத்தில் 10,000 யூரோவும் அதற்கு மேலும் இருந்தால் அறிவிக்க வேண்டும். அது வரி இல்லை, கொண்டுபோகத் தடையும் இல்லை, அறிவிப்பு மட்டும்தான். அறிவிக்காமல் பிடிபட்டால்தான் பணத்தைப் பிடித்து வைப்பார்கள். அமெரிக்காவுக்குக் குடும்பமாகப் போனால் எல்லோருடைய பையையும் சேர்த்துத்தான் கணக்கு. மனைவியிடம் பாதி, மகனிடம் பாதி என்று பிரித்து வைப்பது புத்திசாலித்தனம் இல்லை.

மருந்தை அதன் சொந்த அட்டையிலேயே, மருந்துச் சீட்டோடு வையுங்கள். ஒரு நாட்டில் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை இன்னொரு நாட்டில் குற்றம். சூடோஎபிட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மாத்திரையை ஜப்பானுக்குள் கொண்டுபோகக் கூடாது. இ-சிகரெட் சிங்கப்பூருக்குள் கூடாது. பெட்டியில் தெரிந்தவர் கொடுத்த பொட்டலம் இருந்தால், "என்னுடையது இல்லை" என்று சொல்வதால் பயன் இல்லை. உங்கள் டேக் ஒட்டிய பெட்டியில் உள்ள எல்லாமே உங்களுடையதுதான்.

வெளியே வந்த பிறகுதான் ஞாபகம் வருகிறது

தானாகத் திறக்கும் அந்தக் கண்ணாடிக் கதவு பின்னால் மூடிக்கொண்டது. வரியில்லாக் கடைப் பையைப் பெல்ட் பக்கத்திலேயே வைத்துவிட்டீர்கள், அல்லது பெட்டியின் சக்கரம் உடைந்திருப்பது இப்போதுதான் தெரிகிறது. அந்தக் கதவு வழியாக நுழையப் பார்க்காதீர்கள், காவலர் ஓடி வருவார். மாடிக்குப் போய்ப் புறப்பாட்டுப் பகுதியில் ஏர்லைன் அலுவலகத்தைக் கேளுங்கள். சில விமான நிலையங்களில் வருகைக் கூடத்தின் வெளிச்சுவரில் உள்ளே இருக்கும் சாமான் கவுன்டருக்குப் பேசும் தொலைபேசி ஒன்று மாட்டியிருக்கும். பாஸ்போர்ட்டையும் போர்டிங் பாஸையும் காட்டினால் ஊழியர் ஒருவர் கூடவே வந்து அழைத்துப் போவார், அல்லது அவரே எடுத்து வந்து தருவார். உடைந்த பெட்டியை அங்கேயே நாலு பக்கமும் படம் எடுங்கள், டேக் தெரியும்படி. டேகை மட்டும் இன்னும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.